பிரதீபனின் பேரில்

கணிதத்தில் பட்டம் எடுத்துக்கொண்டு சுதாஜினி பரந்தனுக்குத் திரும்பி வந்தபோது, ஆசிரியர் நியமனம் அடுத்த வருடம் கிடைத்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டார்கள். தகப்பன் தில்லைநாதன் ஒரு போக நெல்லை விற்ற கையோடு பழைய ஸ்கூட்டி ஒன்றை வாங்கி வந்து முற்றத்தில் நிறுத்தினார். வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, சும்மா இருந்தால் படித்த படிப்புக் கறள் பிடித்துவிடும் என்றார்.

அப்படித்தான் அவள் வீடு வீடாகப் போகும் கணக்கு ரீச்சர் ஆனாள். கிளிநொச்சிப் பக்கம் சில வீடுகள், முல்லைத்தீவு வீதியில் தருமபுரம் வரைக்கும் சில வீடுகள். நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். பிள்ளையின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அது பேனையைக் கடிக்கிற விதத்தை வைத்தே எந்த இடத்தில் தடக்குப்படுகிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். யாழ்ப்பாணத்தில் இளைஞர் சிலர் தொடங்கிய படிப்புச் செயலி ஒன்று கைக்கு வந்த பிறகு வேலை இன்னும் சுகமாயிற்று. கிழமைக்கு ஒருநாள் அவள் நேரில் போவாள். மற்ற நாட்களில் பிள்ளைகள் போனில் பாடத்தைப் பார்த்துவிட்டு, அதிலேயே பயிற்சிக் கணக்குகளைச் செய்ய வேண்டும். யார் செய்தது, யார் செய்யவில்லை, எங்கே பிழை விட்டது என்பதெல்லாம் சுதாஜினியின் போனில் வந்து நிற்கும். நன்றாகச் செய்த பிள்ளையின் பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம். அரைகுறையென்றால் மஞ்சள். ஒன்றும் செய்யாவிட்டால் சிவப்பு.

தருமபுரத்தில் பழனியாண்டியின் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், பிரதீபனும் ராஜினியும். இருவரும் பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர் பழனியாண்டியின் தகப்பன். பழனியாண்டிக்குப் பரந்தன் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் வேலை. மனைவி கமலேஸ்வரி மற்றவர்களின் தோட்டங்களில் களை பிடுங்கப் போவாள். தகப்பனும் தாயும் இன்னும் மலையகத்துப் பேச்சுத்தான் பேசுவார்கள். பிள்ளைகளின் வாயில் வன்னிப் பேச்சு. மகன் ஒரு அரசாங்கக் கதிரையில் இருப்பதைப் பார்த்துவிட்டால் போதும் என்பது பழனியாண்டியின் எண்ணம். மகளைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு எண்ணமும் இருக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகப் பிறந்த பாவத்துக்கு இரண்டு பேரையும் சேர்த்துப் படிப்பிக்கச் சொன்னார்.

வீட்டில் நல்ல போன் ஒன்றுதான் இருந்தது. சுதாஜினி அதில் முதலில் பிரதீபனின் பேரைப் பதிந்தாள், பிறகு ராஜினியின் பேரையும் பதிந்துவிட்டுச் செயலியைப் பிரதீபனின் பேருக்கே திருப்பி வைத்தாள். ஒருவரின் கணக்கிலிருந்து மற்றவரின் கணக்குக்கு மாறுவதென்றால் தகப்பனின் சின்னப் போனுக்கு ஒரு இலக்கம் வரும், அதைப் போட வேண்டும். இதை அவள் அவசர அவசரமாக விளங்கப்படுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். தகப்பனின் போன் தகப்பனோடு மில்லுக்குப் போய் இரவில்தான் திரும்பும் என்பது அவளுடைய புத்தியில் ஓடவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு ராஜினி அவளை ஸ்கூட்டி வரைக்கும் வழியனுப்ப வந்தாள்.

"ரீச்சர், என்ர பேரில உள்ள போகேலாமக் கிடக்கு" என்றாள்.

சுதாஜினி தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டே, "சரி, பிறகு பாப்பம்" என்றாள்.

பிறகு அவள் பார்க்கவில்லை. மறந்தே போனாள். அதற்குள் வீடுகள் கூடிவிட்டன. ஒரு வீட்டில் இருந்த நேரத்தில் பாதிதான் இப்போது இருக்க முடிந்தது. கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தருமபுரத்து உள் ஒழுங்கைகளில் ஸ்கூட்டியின் சில்லு சேற்றில் புதைந்தது. மாரி முடியும்வரை போனிலேயே முகம் பார்த்துப் படிப்போம் என்று அவள் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை.

பிரதீபனின் பேருக்குப் பக்கத்தில் வட்டம் ஒவ்வொரு நாளும் பச்சையாகவே இருந்தது. அப்படி ஒரு பச்சையை அவள் வேறு எந்தப் பிள்ளையிடமும் கண்டதில்லை. செயலி தானாகவே கடினமான கணக்குகளைக் கொடுக்கத் தொடங்கியது. அவற்றையும் அவன் செய்தான். பிழைவிட்ட கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து சரியாக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனான். ராஜினியின் பேரில் சிவப்பு மட்டும்தான். புது வீடுகளுக்குப் போகும்போது சுதாஜினி பிரதீபனின் பக்கத்தைப் பெற்றோருக்குக் காட்டுவாள். மில்லில் மூட்டை தூக்கிறவரின்ர மகன், ஐந்து மாதத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பாள். பெற்றோர் வாய் பிளந்து பார்ப்பார்கள். அவளுக்கும் பெருமையாக இருக்கும்.

மார்கழி மாதம் கமலேஸ்வரி போன் எடுத்து, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டாள். சுதாஜினி போனின் திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். தம்பி பிரதீபன் நல்ல கெட்டிக்காரன், விடாமல் பிடித்தால் 'ஏ' எடுப்பான். தங்கச்சி ராஜினி போனைத் திறந்தே பார்ப்பதில்லை, அவவுக்குக் கணக்கில் மனமில்லை. அவனிலேயே கவனத்தை வைப்பம்.

அதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிடமும் எடுக்கவில்லை. சொல்லும்போது ஒரு தயக்கமும் வரவில்லை. அதைத்தான் அவள் பிறகு திரும்பத் திரும்ப நினைத்தாள். அவளுடைய சொந்தத்தில் சிலர், மலையகத்திலிருந்து வந்த இந்தக் குடும்பங்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் உண்டு. சுதாஜினி அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, சொல்பவர்களோடு சண்டை பிடித்தும் இருக்கிறாள். ஆனாலும் அந்தப் பெட்டைக்குப் படிப்பு ஏறாது என்பதை அவள் எவ்வளவு சுலபமாக நம்பினாள்! ஒரு டொக்டரின் மகளுடைய பேரில் அவ்வளவு நாள் சிவப்பு நின்றிருந்தால் அன்றே ஓடிப்போய் என்ன ஏதென்று கேட்டிருப்பாள்.

அடுத்த கிழமையிலிருந்து வீடியோவில் பிரதீபன் மட்டும்தான் வந்தான். ராஜினி குசினிப் பக்கமாகப் போய்விட்டாள்.

ஒருநாள் வட்டத்துக் கணக்கு. மையத்தில் உள்ள கோணத்தைக் கொடுத்து, பரிதியில் உள்ள கோணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தது. முதல்நாள் பிரதீபனின் பேரில் இதே மாதிரிக் கணக்குகள் எல்லாம் சரியாக வந்திருந்தன. சுதாஜினி சும்மா ஒரு பேச்சுக்கு, விடை எழுபது எப்படி வந்தது என்று கேட்டாள். அவன் திரையைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான். நெற்றியைச் சொறிந்தான். மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் தெளிவாக வந்தது.

"மையத்தில நூற்றி நாப்பது. அதின்ர பாதிதான் பரிதியில வரும்."

பிரதீபன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான்.

சுதாஜினிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. போகேலாமக் கிடக்கு என்று ராஜினி சொன்னதும், தான் தலைக்கவசத்தைப் போட்டதும், அந்த விடாத பச்சையும், பிழையைத் திரும்பத் திரும்பச் செய்த பொறுமையும் வரிசையாக வந்து நின்றன. கேட்பதற்கு வாயைத் திறந்தாள். தாய்க்குத் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. புது வீடுகளில் தான் காட்டிய பக்கம் நினைவுக்கு வந்தது. இத்தனை மாதமாக ஒரு பிள்ளைக்குப் பதிலாக இன்னொரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"சரி, அடுத்த கணக்கு" என்றாள்.

தைப்பொங்கல் முடியட்டும், நேரில் போய் மெதுவாக விசாரிப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொங்கலும் முடிந்தது. வெள்ளம் வடிந்து ஒழுங்கையும் காய்ந்தது. போவதற்கு ஒவ்வொரு நாளும் புறப்பட்டாள். ஒவ்வொரு நாளும் வேறு ஏதாவது வீடு முன்னுக்கு வந்தது.

தை மாதக் கடைசியில் பிரதீபனின் வட்டம் மஞ்சளாயிற்று. இரண்டு நாளில் சிவப்பாயிற்று. பிறகு அசையவே இல்லை. சுகமில்லையோ என்று கேட்க சுதாஜினி போன் எடுத்தாள். கமலேஸ்வரி பேசினாள். தம்பி நன்றாகத்தான் இருக்கிறான், ஏன் செய்யவில்லையென்று தெரியாது, ஏசுகிறேன் என்றாள். பிறகு பேச்சோடு பேச்சாக, ராஜினியைச் செட்டிகுளத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றாள். தன்னுடைய கூடப்பிறந்த தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, சத்திரசிகிச்சை, கைப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை.

"பள்ளிக்கூடம்?" என்று சுதாஜினி கேட்டாள்.

"அதான் நீங்களே சொன்னீங்களே ரீச்சர், அவளுக்குப் படிப்புல மனசில்லன்னு. சும்மா போயிட்டு வர்றதுக்கு, அங்க நின்னாலாவது ஒத்தாசையா இருக்கும்."

பரீட்சைக்கு ஏழெட்டுக் கிழமைதான் இருந்தது. அன்று சுதாஜினி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தாள். தாய் அருந்ததி காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் தருமபுரத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, பழனியாண்டி வீட்டில் நின்றார். ஓடிவந்து கதிரையைத் துடைத்துப் போட்டார். வரும் வழியெல்லாம் அவள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவருடைய முகத்தைக் கண்டதும் அவை எல்லாம் வேறு வரிசைக்கு மாறிவிட்டன.

"ஐயா, போனில ஒரு பிழை நடந்திட்டுது" என்று தொடங்கினாள்.

போனில் பிழை. அந்தச் சொல் வாயிலிருந்து போனதும் அதைத் திருப்பி எடுக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் எடுக்கவில்லை. அதன் மேலேயே மற்றதையெல்லாம் கட்டினாள். ராஜினியின் பேரில் உள்ளே போக முடியாததால் அவள் தமையனின் பேரிலேயே செய்திருக்கிறாள். அந்தப் பச்சையெல்லாம் ராஜினியுடையது. கெட்டிக்காரி அவள்தான். அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

கமலேஸ்வரி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து மகனைப் பார்த்தாள். பிரதீபன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். அவன் பொய் சொல்லவில்லை.

"உன்ர பேரில செய்யட்டோ எண்டு கேட்டாள். ஓமெண்டனான். எனக்குக் கணக்கு ஏறாது, மாமாவோட உழவு மிசின் ஓடப் போறதுதான் எனக்கு விருப்பம்" என்றான். பிறகு மெதுவாக, "ரீச்சருக்குத் தெரியுமெண்டுதான் நான் நினைச்சனான்" என்றான்.

சுதாஜினி அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

பழனியாண்டி சத்தம் போடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். போட்டால் நல்லது என்றும் நினைத்தாள். அவர் சத்தம் போடவில்லை. "அந்த மெசினுக்கு என்னங்க தெரியும், ஆம்புளப் புள்ளையா பொம்பளப் புள்ளையான்னு" என்றார். "நீங்க மனச விட்டுடாதீங்க ரீச்சர். உங்க மேல என்ன தப்பு? வேற யாராயிருந்தா இத வந்து சொல்லுவாங்களா?"

கமலேஸ்வரி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் பரந்தன் சந்தியில் வவுனியா பஸ் ஏறினார்கள். அங்கிருந்து செட்டிகுளத்துக்கு இன்னொரு பஸ். வழியில் கமலேஸ்வரி சுதாஜினிக்கு இருக்க இடம் பிடித்துக் கொடுத்தாள், கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தாள். சின்ன வயதிலேயே ராஜினி கூப்பன் கடைக் கணக்கை மனத்தால் சொல்லுவாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நான் பெத்த புள்ளைய எனக்கே தெரியலையே" என்றாள். சுதாஜினி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கமலேஸ்வரியின் தங்கை வீட்டில் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. தங்கை முதலில் முகத்தைச் சுருக்கினாள். அவளுடைய நிலைமையில் அது பிழையும் இல்லை. கமலேஸ்வரி உள்ளே போய் அவளுடைய கட்டிலில் இருந்து கதைத்தாள். தன்னுடைய புருசனின் அக்கா வடிவம்மாவை நாளைக்கே அனுப்புவதாகவும், அவர் வரும்வரை தானே நிற்பதாகவும் சொன்னாள்.

ராஜினி பின் வளவில் குழந்தையின் துணிகளை அலம்பிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சுதாஜினியைக் கண்டதும் கையை உதறிவிட்டு வந்தாள். மெலிந்திருந்தாள். வாங்கோ ரீச்சர் என்று சொல்லிவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் நின்றாள். சுதாஜினி ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும், உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறோம், உன்னுடைய பேரிலேயே இனிச் செய்யலாம் என்றாள். ராஜினி கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோசப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"அண்டைக்கு வட்டக் கணக்கு செய்யேக்க நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ ரீச்சர்?"

கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். மழை, தகரக் கூரை, மோசமான சிக்னல். எல்லாம் அவளுக்குச் சாதகமாக இருந்தன.

"கேட்டது" என்றாள் சுதாஜினி.

ராஜினி தலையை ஆட்டினாள்.

"உங்களுக்குக் கேக்கோணுமெண்டுதான் பிலத்துச் சொன்னனான். நீங்கள் அடுத்த கணக்கெண்டு போனீங்கள். அப்ப நினைச்சன், உங்களுக்குத் தெரிஞ்சும் வேண்டாமெண்டு விட்டிட்டீங்களாக்கும் எண்டு. அதாலதான் அம்மா போகச் சொல்ல நான் ஒண்டும் சொல்லாமல் வந்தனான்."

குரலில் கோபம் இருக்கவில்லை. ஒரு கணக்கின் படிகளைச் சொல்வது போலச் சொன்னாள். மன்னிச்சுக்கொள் பிள்ளை என்று சுதாஜினி சொன்னாள், அது மிகவும் சின்னச் சொல்லாக இருந்தது. ராஜினி வாளியில் மிச்சம் கிடந்த துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே போய்த் தன் பையை எடுத்தாள்.

பிறகு வந்த கிழமைகளில் சுதாஜினி ஒருநாள் விட்டு ஒருநாள் தருமபுரத்துக்குப் போனாள். தான் படிப்பித்த இரண்டு வீடுகளை வேறொரு ரீச்சரிடம் கொடுத்துவிட்டாள். ராஜினியின் பேருக்கான இலக்கம் மில்லுக்குப் போகாமல் வீட்டில் நிற்கும் நல்ல போனுக்கே வரும்படி மாற்றினாள். நேரில் இருக்கும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் கணக்குச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். எங்கே நிற்கிறாள், எங்கே வேகமாகப் போகிறாள், எந்தப் படியை மனத்துக்குள்ளேயே தாண்டுகிறாள் என்று கண்டுகொண்டாள். நேரில் கண்ட பலவீனத்துக்கு ஏற்ற பயிற்சியை அன்று மாலையே செயலியில் போட்டுவிடுவாள். காலையில் பச்சை வந்திருக்கும். இப்படித்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். செட்டிகுளத்தில் போன நாட்களில் ராஜினி தவறவிட்ட பாடங்களுக்கு மட்டும் நேரம் போதவில்லை. கேட்ட கேள்விக்கு ராஜினி பதில் சொன்னாள், கணக்கில் சந்தேகம் கேட்டாள். வேறொன்றும் கதைக்கவில்லை. ஸ்கூட்டி வரைக்கும் வழியனுப்ப வருவதையும் நிறுத்திவிட்டாள்.

பெறுபேறு ஆடி மாதம் வந்தது. ராஜினிக்குக் கணிதத்தில் 'பி'. பிரதீபன் 'எஸ்' எடுத்து ஒருமாதிரித் தப்பிவிட்டான், தன்னையே நம்ப முடியாமல் சிரித்துக்கொண்டு திரிந்தான். ராஜினி உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கப் போவதாகக் கமலேஸ்வரி போனில் சொல்லிவிட்டு, கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும் என்றாள்.

சுதாஜினி போனாள். முற்றத்தில் அயல்வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். கமலேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குக் கதை சொன்னாள். போன் பிழைவிட்டதை இந்த ரீச்சர்தான் கண்டுபுடிச்சாங்க. வெயிலுக்குள்ள செட்டிகுளம் வரைக்கும் வந்து புள்ளைய மீட்டுக்கிட்டு வந்தாங்க. படிச்ச திமிர் கொஞ்சமும் இல்லாத புள்ள. பெண்கள் சுதாஜினியை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பொறுக்கவில்லை. 'பி'க்கும் 'ஏ'க்கும் நடுவில் இருந்த தூரம் யாருடையது என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"அக்கா, நான் உங்களுக்கு ஒரு விசயம் சொல்லோணும்" என்றாள்.

"அம்மா" என்று வாசலில் நின்ற ராஜினி கூப்பிட்டாள். "ரீச்சருக்கு எடுத்து வைச்ச பாலைப்பழத்தைக் குடுங்கோவன். நேரம் போகுது அவாவுக்கு."

கமலேஸ்வரி உள்ளே போனாள். அயல் பெண்களும் எழும்பினார்கள். பையை வாங்கிக்கொண்டு சுதாஜினி படலையைத் தாண்டியபோது, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ராஜினி ஸ்கூட்டி வரைக்கும் வந்தாள்.

"அம்மாட்டச் சொல்லாதேங்கோ ரீச்சர்."

"ஏன்? அவாவுக்குத் தெரியோணும்."

"சொன்னால் உங்களுக்குச் சுகமாயிருக்கும். அம்மாவுக்கு? என்னைப் பஸ் ஏத்திவிட்டது அவா. இப்ப போனிலதான் பிழையெண்டு நினைச்சு நிம்மதியாய் இருக்கிறா. அது இருந்திட்டுப் போகட்டும்."

ராஜினி பையின் வாயை இன்னொரு முறை முடிந்து ஸ்கூட்டியின் கொழுக்கியில் மாட்டிவிட்டு, போயிட்டு வாங்கோ என்று சொல்லி உள்ளே திரும்பினாள். அந்தக் குரலில் வெறுப்பு இருக்கவில்லை. பழைய பிரியமும் இருக்கவில்லை.

வீட்டில் அருந்ததி பையைத் திறந்து பார்த்துவிட்டு, ஆர் தந்தது என்று கேட்டாள். தருமபுரத்துப் பிள்ளையின் வீட்டில் என்று சுதாஜினி சொன்னாள்.

"நல்ல சனம்" என்றாள் தாய், ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு. "உன்னில நல்ல பட்சம் போல."

"ஓம்."

தின்னாமல் விட்டால் ஏன் என்று கேட்பாள். சுதாஜினி ஒன்றை எடுத்துத் தின்றாள். நன்றாகப் பழுத்திருந்தது, தேனாக இனித்தது. பழத்தின் பால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டியது. அவள் எழும்பி, வாய் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.